ஷார்ட் டிராக் ரிலே: ஃபைனலில் ஓடாத அணிக்கு வெண்கலம் எப்படி?

வெண்பனி:

குளிர்கால விளையாட்டுக்கென்று இங்கே தனி இழை எதுவும் கண்ணில் படவில்லை, அதனால் புதிதாக ஒன்று தொடங்குகிறேன். ஏற்கெனவே இருந்தால் மாடரேட்டர்கள் அங்கே நகர்த்திவிடுங்கள்.

2018 பியோங்சாங் ஒலிம்பிக்கின் பெண்கள் 3000 மீட்டர் ஷார்ட் டிராக் (சிறிய பனித் தடத்தில் ஸ்கேட் அணிந்து ஓடும் பந்தயம்) ரிலே ஃபைனலைப் பதிவில் பார்த்தேன். ஓடியது நான்கு அணிகள்: தென் கொரியா, சீனா, கனடா, இத்தாலி. நடுவில் ஒரு பெரிய விழுதல், கடைசியில் கொரியா முதலில் கோட்டைத் தாண்டுகிறது, சீனா இரண்டாவது. அது வரைக்கும் புரிந்தது. அப்புறம் யாரும் கொண்டாடாமல் எல்லோரும் மேலே இருக்கும் திரையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், நிமிடக்கணக்கில் நிற்கிறார்கள், கடைசியில் முடிவு வருகிறது: தங்கம் கொரியா, வெள்ளி இத்தாலி, வெண்கலம் நெதர்லாந்து.

நெதர்லாந்து எங்கிருந்து வந்தது? அந்தப் பந்தயத்தில் ஆரஞ்சு உடை போட்ட ஒருவர்கூட இல்லையே! தேடிப் பார்த்தால் அவர்கள் அதற்கு முன்னால் நடந்த ‘பி’ ஃபைனலில் ஓடியிருக்கிறார்கள், அதில் 4 நிமிடம் 3.471 நொடி, உலக சாதனை. தங்கம் வாங்கிய கொரியாவின் நேரமோ 4:07.361. கிட்டத்தட்ட நான்கு நொடி வேகமாக ஓடியவர்களுக்கு மூன்றாம் இடம், மெதுவாக ஓடியவர்களுக்கு முதல் இடம், இரண்டாவதாக வந்தவர்களுக்கு ஒன்றுமே இல்லை. இதற்கு என்ன கணக்கு? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள். அப்படியே இன்னொன்று, இந்த விளையாட்டில் திறமைக்கு எவ்வளவு பங்கு, அதிர்ஷ்டத்துக்கு எவ்வளவு பங்கு? பார்த்து முடித்ததிலிருந்து இதே யோசனைதான்.

ஓரக்கோடு:

நல்ல பந்தயமாகப் பார்த்துத்தான் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஷார்ட் டிராக்கை விளக்க அதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது.

முதலில் நேர விஷயத்தை முடித்துவிடலாம். ஷார்ட் டிராக்கில் கடிகாரம் பதக்கம் தராது. லாங் டிராக்கில், அதாவது 400 மீட்டர் தடத்தில் இரண்டிரண்டு பேராக ஓடும் ஸ்பீடு ஸ்கேட்டிங்கில், நேரம்தான் எல்லாம். இங்கே ஐஸ் ஹாக்கி ஆடும் அரங்கு அளவிலான பனியில் 111.12 மீட்டர் சுற்றளவுக்கு ஒரு நீள்வட்டம், தனித்தனிப் பாதை எதுவும் கிடையாது, எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி யார் முதலில் பிளேடு நுனியைக் கோட்டுக்கு மேல் கொண்டுபோகிறார்களோ அவர்களுக்குத்தான் இடம். அதனால் பதக்கம் இருக்கும் ஃபைனலில் யாரும் நேரத்துக்காக ஓட மாட்டார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, முன்னால் போய்க் காற்றின் எதிர்ப்பைத் தாங்குவது யார் என்று கணக்குப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். ‘பி’ ஃபைனலில் நெதர்லாந்துக்கு அந்தச் சுமை இல்லை. சும்மா அடித்து ஓடினார்கள், சாதனை வந்தது.

இப்போது வெண்கலம். அரையிறுதியில் முதல் இரண்டு இடத்துக்குள் வரும் அணிகள் ‘ஏ’ ஃபைனலுக்கு, மற்றவை ‘பி’ ஃபைனலுக்கு. பதக்கம் ‘ஏ’ ஃபைனலில் ஒழுங்காக முடித்தவர்களுக்கு வரிசையாகப் போகும். ஆனால் அன்றைக்கு ரெஃப்ரிகள் வீடியோவைப் பார்த்து சீனாவுக்கும் கனடாவுக்கும் பெனால்டி கொடுத்துவிட்டார்கள். பெனால்டி வாங்கிய அணிக்கு அந்தப் பந்தயத்தில் இடமே இல்லை, நொடிகளைக் கூட்டுவது, ஓர் இடம் கீழே இறக்குவது என்றெல்லாம் இல்லை, பெயரே அழிந்துவிடும். ஆக மிஞ்சியது கொரியாவும் இத்தாலியும் மட்டும். மூன்றாவது இடத்துக்கு ஆள் வேண்டுமே, அதற்கு ‘பி’ ஃபைனலில் முதலில் வந்த அணி மேலே ஏறும். அதனால்தான் ‘பி’ ஃபைனலை எந்த அணியும் ஒப்புக்கு ஓடாது.

அந்த நெதர்லாந்து அணியில் இருந்த ஜோரியன் டெர் மோர்ஸ் அதே ஒலிம்பிக்கில் லாங் டிராக் 1000 மீட்டரில் தங்கம் வாங்கியவர். ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் இரண்டு வெவ்வேறு விளையாட்டில் பதக்கம் வாங்கிய முதல் பெண் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது இந்த வெண்கலத்தால்தான். யாரோ இருவர் வாங்கிய பெனால்டி இன்னொருவரின் சரித்திரமாகிவிட்டது பாருங்கள்.

முடிந்தால் அந்த ரிலேயின் அரையிறுதியையும் பாருங்கள், ஃபைனலைவிட அதுதான் எனக்குப் பிடித்தது. மொத்தம் 27 சுற்று, தொடங்கிய சில சுற்றுகளிலேயே கொரியாவின் லீ யூ-பின் விழுந்துவிடுகிறார். விழுந்தவர் எழுந்திருக்கக்கூட முயலவில்லை, பனியில் கிடந்தபடியே கையை நீட்டுகிறார், சோய் மின்-ஜியோங் குனிந்து வந்து அந்தக் கையைத் தொட்டுவிட்டு ஓடத் தொடங்குகிறார். தொட்டால் போதும், மாற்றம் செல்லும். அரைச் சுற்றுக்கு மேல் பின்தங்கியிருந்த அணி கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி, எல்லோரையும் தாண்டி, முதலாவதாக வந்தது. வந்த நேரம் அப்போதைய ஒலிம்பிக் சாதனை. விழுந்துவிட்டு எழுந்து சாதனை! அதையும் அதிர்ஷ்டம் என்பீர்களா?

சும்மா_பார்ப்பவன்:

ஓரக்கோடு நன்றாக விளக்கினார், ஆனால் கடைசிக் கேள்விக்கு என் பதில் வேறு. இதில் பாதி லாட்டரிதான்.

2014 சோச்சி, பெண்கள் 500 மீட்டர் ஃபைனல். நான்கு பேர். பிரிட்டனின் எலிஸ் கிறிஸ்டி உள்ளே நுழையப் பார்க்கிறார், இத்தாலியின் அரியானா ஃபொன்டானாவோடு மோதல், கொரியாவின் பார்க் சியுங்-ஹீயும் சேர்ந்து விழுகிறார். கடைசியாக வந்துகொண்டிருந்த சீனாவின் லி ஜியான்ரோ ஓரமாகப் போய்த் தங்கம் வாங்கிவிட்டார். இத்தனைக்கும் சீனாவின் நம்பிக்கை அவர் இல்லை, நடப்பு சாம்பியன் வாங் மெங், அவர் ஒலிம்பிக்குக்குக் கொஞ்சம் முன்னால் பயிற்சியில் கணுக்காலை உடைத்துக்கொண்டு வரவே இல்லை. கிறிஸ்டிக்கு அந்த ஒலிம்பிக்கில் ஓடிய மூன்று தூரங்களிலும் தகுதி நீக்கம். நான்கு வருடம் உழைத்து உலக சாம்பியனாகிப் பியோங்சாங் வந்தார், அங்கே 500 ஃபைனலில் விழுந்தார், 1500 அரையிறுதியில் விழுந்து காலில் அடி, 1000-இல் தகுதி நீக்கம். ஒரே மனுஷிக்கு இத்தனையும் நடந்தால் அதை என்னவென்று சொல்வது?

அதே பியோங்சாங்கில் 1000 மீட்டர் ஃபைனலில் கொரியாவின் இரண்டு நட்சத்திரங்களான ஷிம் சுக்-ஹீயும் சோய் மின்-ஜியோங்கும் தங்களுக்குள்ளேயே மோதி விழுந்தார்கள். சொந்த நாட்டுக்காரர்கள்! நெதர்லாந்தின் சுசானே ஸ்குல்டிங் நிம்மதியாகத் தங்கம் வாங்கினார்.

ஓட்டப்பந்தயத்தில் பக்கத்துப் பாதைக்காரர் விழுந்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. இங்கே அவர் விழுந்தால் நீங்களும் சுவரில்தான் இருப்பீர்கள். அப்படி ஒரு பந்தயத்தில் யார் சிறந்தவர் என்று எப்படிச் சொல்வது?

பழைய_ரசிகை:

லாட்டரி என்றால் ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்பப் பரிசு விழாது. அரியானா ஃபொன்டானாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2006 டூரினில் பதினைந்து வயதில் ரிலே வெண்கலம். அங்கே ஆரம்பித்து 2010, 2014, 2018, 2022 என்று ஓடிய ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் பதக்கம், பெய்ஜிங்கோடு மொத்தம் பதினொன்று. ஷார்ட் டிராக்கில் ஆணோ பெண்ணோ அதுவரை வேறு யாரும் அத்தனை வாங்கியதில்லை. நீங்கள் சொன்ன அதே சோச்சி 500-இல் விழுந்தவர்களில் அவரும் ஒருவர், எழுந்து வந்து வெள்ளி வாங்கினார். அடுத்த இரண்டு ஒலிம்பிக்கிலும் அதே 500-இல் தங்கம். விழுதல் எல்லோருக்கும் பொது, ஆனால் எல்லோரும் அதிலிருந்து இப்படி எழுந்து வரவில்லையே.

இந்த விளையாட்டைப் புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் முன்னால் போகிறவரைத்தான் பார்க்கிறார்கள். மூன்றாவது, நான்காவது ஆளின் தோளைப் பாருங்கள். 1500 மீட்டர் என்றால் பதின்மூன்றரைச் சுற்று, முதல் பாதியில் ஏதோ உலாவப் போவது போல இருக்கும், ஆனால் அப்போதே யார் யாருக்குப் பின்னால், யாருடைய வெளிப்பக்கம் திறந்திருக்கிறது என்ற சண்டை நடந்துகொண்டிருக்கும். முந்துவதற்கு இரண்டே வழிதான். உள்பக்கம் போனால் தூரம் குறைவு, ஆனால் முன்னால் போகிறவர் தன் பாதையில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தால் வழி அவருக்குச் சொந்தம், மோதினால் பழி முந்தப் பார்த்தவர் மேல். வெளிப்பக்கம் போனால் தூரம் அதிகம், நுரையீரல் வெந்துவிடும், ஆனால் யார் மேலும் இடிக்க மாட்டீர்கள்.

சோய் மின்-ஜியோங் ஏன் பெரிய ஆள் என்றால் அவர் வெளிப்பக்கத்துக்காரர். 2018-இல் 500 மீட்டர் ஃபைனலில் இரண்டாவதாக வந்தும், முந்தும்போது கனடாவின் கிம் பூட்டன் மேல் கை பட்டதாகச் சொல்லிப் பெனால்டி கொடுத்தார்கள். பூட்டனுக்கு வெண்கலம் போனது, அதற்காக அந்தப் பெண்ணுக்கு இணையத்தில் மிரட்டல்கள் வந்தன, அது இந்த விளையாட்டின் அசிங்கமான பக்கம், அதைப் பற்றிப் பேசினால் தனி இழை வேண்டும். சில நாள் கழித்து 1500. சோய் என்ன செய்தார்? கடைசிச் சில சுற்றுகளில் வெளிப்பக்கமாக எல்லோரையும் சுற்றிக்கொண்டு போய், பிறகு பின்னால் இருப்பவர்கள் தொடக்கூட முடியாத இடைவெளியில் முடித்தார். ரெஃப்ரிக்கு வேலையே இல்லை. நான்கு வருடம் கழித்துப் பெய்ஜிங்கில் அதே 1500-இல் மறுபடியும் தங்கம், இரண்டாவது ஃபொன்டானா, மூன்றாவது ஸ்குல்டிங். முதல் மூன்று இடத்திலும் ஏற்கெனவே ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர்கள். சும்மா_பார்ப்பவன் சொல்லும் லாட்டரியில் சீட்டு வாங்குகிறவர்களே மூன்று நான்கு பேர்தான் போலிருக்கிறது.

லி ஜியான்ரோ விஷயத்திலும் எனக்கு உங்களோடு உடன்பாடில்லை. கடைசியில் இருந்தார், உண்மைதான். ஆனால் கண்ணெதிரே மூன்று பேர் சரிந்தபோது விழாமல், பதறாமல் நின்றாரே. 500 மீட்டர் என்பது நாலரைச் சுற்று, யோசிக்க நேரமே கிடையாது.

வெண்பனி:

எல்லோருக்கும் நன்றி, ‘பி’ ஃபைனல் விவகாரம் இப்போது தெளிவாகிவிட்டது. பழைய_ரசிகை சொன்ன மாதிரி மூன்றாவது ஆளைப் பார்க்கத் தொடங்கினேன், வேறு விளையாட்டு மாதிரி இருக்கிறது!

இன்னும் சில சின்னச் சந்தேகம். வளைவில் எல்லோரும் இடது கையைப் பனியில் தேய்த்துக்கொண்டே போகிறார்கள், கை அறுந்துபோகாதா? ரிலேயில் மாறும்போது பின்னால் வந்து இடுப்பில் தள்ளுகிறார்களே, அது விதிப்படி சரியா? அப்புறம் ஒவ்வொரு பந்தயத்துக்கும் நடுவில் சிலர் வாளியோடு உள்ளே வருகிறார்களே, அவர்கள் யார்?

ஓரக்கோடு:

வாளிக்காரர்களைக் கவனித்தீர்களே, சபாஷ். அவர்கள் இல்லாவிட்டால் பந்தயமே இல்லை. எல்லோரும் ஒரே வளைவில் ஒரே கோட்டில் பிளேடை அழுத்துவதால் பனி குழிந்து உடைந்துவிடும், அதில் வாளித் தண்ணீரை ஊற்றி மட்டமாக்குவார்கள், சட்டென்று உறைந்துவிடும். அது மட்டும் போதாது, தடத்தையே நகர்த்துவார்கள். வளைவில் ஒரு பக்கத்துக்கு ஏழு கறுப்புக் கட்டைகள் வரிசையாக இருக்கும், பனியில் ஒட்டியிருக்காது, தட்டினால் பறந்துபோகும். அந்தக் கட்டைகளைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டால் தடம் நகர்ந்து புதிய பனி கிடைக்கும்.

கை விஷயம்: இடது கையுறையின் விரல் நுனிகளைக் கவனியுங்கள், வழவழவென்று கெட்டியான குமிழ்கள் ஒட்டியிருக்கும். வளைவில் உடம்பு கிட்டத்தட்டப் பனியோடு படுக்கும் அளவுக்குச் சாயும், அப்போது அந்த நுனிகள் பனியில் வழுக்கிக்கொண்டே போகும், கொஞ்சம் தாங்கலாகவும் இருக்கும், எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்றும் தெரியும். கிட்டத்தில் பார்த்தால் பிளேடு பூட்ஸின் நடுவில் இருக்காது, இடப்பக்கம் தள்ளிப் பொருத்தியிருப்பார்கள், பிளேடே இடப்பக்கம் லேசாக வளைந்தும் இருக்கும். எப்போதும் இடப்பக்கம் மட்டுமே திரும்பும் விளையாட்டு, அதனால் எல்லாமே அதற்கேற்ப. நடுவில் பொருத்தினால் அந்தச் சாய்வில் பூட்ஸ் பனியில் உரசி, ஆள் நேராக ஓரச் சுவரில் இருக்கும் மெத்தைக்குப் போய்விடுவார். அதே பிளேடு கத்தி மாதிரி கூர்மை என்பதால்தான் ஹெல்மெட், கழுத்துக் காப்பு, வெட்டுப்படாத துணியில் உடை எல்லாம் கட்டாயம்.

இடுப்பில் தள்ளுவது விதிப்படி சரிதான், சரி என்பதைவிட அதுதான் ரிலேயின் உயிர். தொட்டால் போதும் என்று இருந்தாலும் தொடுவது யாருக்கும் லாபமில்லை. அடுத்து ஓட வேண்டியவர் தடத்துக்கு உள்ளே தானும் சுற்றிக்கொண்டே இருப்பார், தன் முறை வரும்போது முன்னால் நுழைந்து குனிவார், பின்னால் வருகிறவர் தன் வேகம் முழுவதையும் இரண்டு கையாலும் அவர் இடுப்பில் இறக்கிவிடுவார். சாதாரணமாக ஒன்றரைச் சுற்றுக்கு ஒரு முறை இது நடக்கும். கடைசி இரண்டு சுற்றை மட்டும் ஒரே ஆள் முடிக்க வேண்டும், அதனால் அந்த இடத்துக்கு யாரை வைப்பது என்பதில்தான் அணியின் மூளை தெரியும். 2014-இல் கொரியா கடைசி ஆளாக ஷிம் சுக்-ஹீயை வைத்தது, கடைசிச் சுற்றில் சீனாவை முந்தித் தங்கம் கொண்டுவந்தார். சீனாவுக்கு அன்றும் பெனால்டி, வெள்ளி கனடாவுக்கு.

சும்மா_பார்ப்பவன்:

ஃபொன்டானா விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ரெஃப்ரி விஷயத்தை யாரும் தொடவில்லையே. 2010 வான்கூவர் ரிலே. கொரியா முதலில் வந்தது, கொடியைப் போர்த்திக்கொண்டு சுற்றி வந்துகொண்டிருந்தார்கள், அப்புறம் தகுதி நீக்கம் என்று அறிவிப்பு, தங்கம் சீனாவுக்கு. அந்தப் பந்தயத்திலேயே முன்னால் நடந்த உரசல் ஒன்றை வீடியோவில் பார்த்துவிட்டு எடுத்த முடிவு. அதே ஆஸ்திரேலிய ரெஃப்ரிதான் 2002-இல் ஆண்கள் 1500 மீட்டரிலும் முதலில் வந்த கொரியரைத் தகுதி நீக்கம் செய்தவர் என்பதால் கொரியாவில் எவ்வளவு கொந்தளிப்பு! இதெல்லாம் ஒருவர் கண்ணில் படுவதைப் பொறுத்தது என்றால், திறமை எவ்வளவு இருந்தும் என்ன?

பழைய_ரசிகை:

வான்கூவர் முடிவு பற்றி இன்றைக்கும் சண்டை ஓயவில்லை, அதில் நான் யார் பக்கமும் பேசப் போவதில்லை. ஆனால் சீனா அன்றைக்கு அந்தப் பந்தயத்தை உலக சாதனை நேரத்தில் முடித்தது, ஏதோ பின்னால் தூங்கிக்கொண்டு வந்து வாங்கவில்லை.

ரெஃப்ரி விஷயத்தில் எனக்கு இருக்கும் குறை வேறு. பந்தய விதிமீறல் பற்றி ரெஃப்ரி எடுத்த முடிவை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது, அது சரி, இல்லாவிட்டால் விளையாட்டு நடக்காது. ஆனால் ஏன் பெனால்டி என்பதை அரங்கில் இருப்பவர்களுக்கு அந்த வீடியோவோடு சேர்த்துக் காட்டி விளக்கலாமே. பல முறை நாம் பார்ப்பது பெயர், பெனால்டி, அடுத்த பந்தயம், அவ்வளவுதான். 2018 ரிலே முடிந்தபோது வெண்பனி குழம்பியதும் அதனால்தானே, இத்தாலி அணிக்கே தங்களுக்கு வெள்ளி என்று தெரியத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

வெண்பனி, அடுத்து பார்க்க ஒன்று சொல்கிறேன். 2022 பெய்ஜிங், பெண்கள் 3000 மீட்டர் ரிலே ஃபைனல், நெதர்லாந்து தங்கம், கொரியா வெள்ளி, சீனா வெண்கலம். 2018-இல் வெண்கலம் வாங்கிய நால்வரில் ஸ்குல்டிங்கும் யாரா வான் கெர்கோஃபும் இதிலும் இருக்கிறார்கள். அந்த நால்வரில் ஒருவரான லாரா வான் ராய்வன் 2019-இல் 500 மீட்டர் உலக சாம்பியன் ஆனவர், 2020-இல் பயிற்சி முகாமில் இருந்தபோது உடல்நலம் கெட்டு 27 வயதில் இறந்துவிட்டார். அது தெரிந்து பார்த்தால் கோட்டைத் தாண்டியதும் அவர்கள் ஏன் அப்படி அழுகிறார்கள் என்று புரியும். முடிந்தால் வர்ணனையின் ஒலியைக் குறைத்துவிட்டு மாற்றங்களை மட்டும் பாருங்கள், ஸ்குல்டிங்குக்கு எந்த இடத்தில் கொடுக்கிறார்கள் என்று கவனியுங்கள்.

வெண்பனி:

இப்போதே தேடுகிறேன். ஒரே ஒரு கேள்வி மட்டும், தனிநபர் ஃபைனலில் சில நேரம் ஐந்து, ஆறு, ஏழு பேர்கூட நிற்கிறார்களே, அது எப்படி?

ஓரக்கோடு:

முந்தைய சுற்றில் தகுதி பெறும் இடத்தில் இருந்தவரை வேறு யாராவது இடித்துத் தள்ளியிருந்தால், இடித்தவரை நீக்கிவிட்டு விழுந்தவரை ரெஃப்ரி அடுத்த சுற்றுக்கு அனுப்பிவைப்பார். அப்படிச் சேர்ந்து சேர்ந்து கூட்டம் கூடிவிடும். பெய்ஜிங்கில் ஆண்கள் 1500 ஃபைனலில் பத்துப் பேர் நின்றார்கள், கிளம்பும்போதே பனியில் இடமில்லை. ஆனால் இந்தச் சலுகை ஃபைனலில் கிடையாது. அங்கே உங்களை யாராவது இடித்துவிட்டால் அவருக்குப் பெனால்டி விழும், நீங்கள் எழுந்து ஓடி முடிக்க வேண்டியதுதான். முடித்துவிடுங்கள் என்றுதான் எல்லாப் பயிற்சியாளர்களும் கத்துவார்கள், ஏனென்றால் முன்னால் போனவர்களில் யாருக்குப் பெனால்டி விழும் என்று யாருக்குத் தெரியும்.